அரைச் சுற்று

ஒரு வண்டி நேராக ஓடினால் அதை யாரும் கவனிப்பதில்லை. இத்தனை வருடமாக இந்த இனா ஊரில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். "மியாஷிதா, என் வண்டி நல்லா நேரா ஓடுதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போக ஒருவரும் வந்ததில்லை. அலைபாயும்போதுதான் வருகிறார்கள்.

நீங்கள் என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டது, பள்ளத்தில் விழுந்த பழத்தோட்டத்துக் குட்டி லாரியைப் பார்த்துச் சொல்ல. பார்த்துவிட்டேன். பிரேக் நன்றாக இருக்கிறது, ஸ்டியரிங்கும் நன்றாக இருக்கிறது. போட்டிருந்தது கோடைக்கால டயர். தோட்டத்தை விட்டு வெளியே போகாத லாரிக்குப் பனிக்கால டயர் யாரும் வாங்குவதில்லை. பழைய மலைப்பாதையில் அந்த வளைவில் வெயில் விழாது, டிசம்பர் பிறந்ததும் உறைந்துவிடும். அங்கே யார் ஓட்டியிருந்தாலும் பள்ளத்துக்குத்தான் போயிருப்பார்கள்.

இதோடு நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அதில், கராசாவா ஐயா இறந்ததற்கு முதுமையால் கைத் தடுமாற்றம் என்று ஒரு காரணம் வருகிறது. அது தவறு. பழுதுக்குத் தவறான காரணத்தை எழுதி மூடிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கராசாவா ஐயாவின் கைகளில் தடுமாற்றமே கிடையாது. எனக்கு அது எப்படித் தெரியும் என்பதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

அவர் காட்டிலாகாவில் மரம் வெட்டும் குழுவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஒரே மாதிரி வண்டிதான் ஓட்டினார்: பெட்டி போன்ற சின்ன மலைவண்டி, கடுகு மஞ்சள் நிறம். அது துருப்பிடித்து உதிர்ந்ததும், அதே வகையில் அதே மஞ்சளில் புதியது கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து வாங்கிக் கொடுத்தேன்.

நிறத்தில் அவர் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் மனைவி சுமியே, அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நினைவு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. மகள் பெயர் போய்விட்டது. மஞ்சள் வண்டி மட்டும் போகவில்லை. ஞாயிறு மதியம் மாடிச் சன்னலில் வந்து நிற்பார். மஞ்சள் வண்டி வாசலில் திரும்பியதும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் பேருந்து கிடையாது. பழைய மலைப்பாதையில் சுற்றிப் போக வெகுநேரம் ஆகும். விரைவுச்சாலையில் வண்டி ஓட்ட முடிந்தால்தான் கராசாவா ஐயாவுக்கு மனைவி.

மலையில் கல் பட்டு வளைந்துவிடும் என்று, முன்சக்கரங்களை இணைக்கும் குறுக்குத் தண்டைத் தடித்ததாக மாற்றித் தரச் சொன்னார். மாற்றினேன். இந்தத் தண்டின் நீளம்தான் இரண்டு சக்கரமும் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. நீங்களே எழுந்து நின்று பார்க்கலாம். பாதங்களை நேராக வைத்து ஓடினால் சிரமம் இல்லை. வாத்து மாதிரி விரல்களை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓடுங்கள். ஒவ்வொரு காலும் உங்களைத் தன் பக்கம் இழுக்கும். வண்டியும் அப்படித்தான். சக்கரங்கள் கொஞ்சம் வெளியே பார்த்தாலும், காட்டுப்பாதையில் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. விரைவுச்சாலையில் தெரியும். சாலையில் சின்ன மேடு, பக்கத்தில் ஒரு லாரி, லேசான காற்று, எதுவானாலும் வண்டி ஒருபக்கம் பாயும். திருப்பினால் மறுபக்கம் பாயும். கையை ஒரு நொடி தளர்த்த முடியாது.

தண்டின் நீளத்தை அளவுக்கருவியில் வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். வண்டியை ஒப்படைக்கும் அவசரத்தில் அளவுநாடாவை வைத்துப் பார்த்து முடுக்கிவிட்டேன். வெறும் கவனக்குறைவு. அதில் கெட்ட எண்ணம் இல்லை.

ஒப்படைத்த அன்று, சுமியேயிடம் வண்டியைக் காட்ட வேண்டும், நீயும் வா என்றார். சுமியேயின் முகத்தைத் தான் பார்க்க வேண்டும் என்பதற்காக என்னையே ஓட்டச் சொன்னார். புது வண்டி மலையில் எப்படிப் போகிறது என்று பார்க்க, அன்று காட்டு வழியாக, மெதுவாகத்தான் போனோம். வாசலில் திரும்பியதும் சன்னலில் அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்து ஆட்டினார். எனக்கு மனைவி மக்கள் கிடையாது. இதை ஒரு விவரமாகத்தான் சொல்கிறேன்.

முதல் மாதச் சோதனைக்கு வந்தபோது, விரைவுச்சாலையில் வண்டி அலைகிறது என்றார். டயர் காற்றைப் பார்த்தேன், சக்கரச் சமநிலையைப் பார்த்தேன், தாங்கிகளை ஆட்டிப் பார்த்தேன். பிறகு கீழே படுத்துத் தண்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இரண்டு ஸ்பானர், அரைச் சுற்று, சரியாகிவிடும். எழுந்து சொல்ல வாயெடுத்தபோது அவர் முந்திக்கொண்டார்.

"ஒருவேளை என் கைதான் சரியில்லையோ என்னவோ தம்பி. வயசாகுதுல்ல."

நீங்களும் இங்கே வளர்ந்தவர்தானே. குறை சொல்ல வருபவர் முதலில் தன்னையே குறை சொல்லிக்கொள்வார். அதைக் கேட்டவர் உடனே குனிந்து, ஐயோ இல்லைங்க, தப்பு எங்க மேலதான் என்று சொல்ல வேண்டும். அவர் தன் பங்கை மரியாதையாகச் சொல்லிவிட்டு, என் பங்குக்காகக் காத்திருந்தார். நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம் என்று அனுப்பிவைத்தேன். வழக்கம்போல் சாலை ஓரத்தில், வண்டி மறையும்வரை குனிந்து வணங்கி நின்றேன். குனிந்து நின்றால் முன்சக்கரங்கள் நன்றாகத் தெரியும்.

அடுத்த முறை வந்தபோது, நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். சோதனை செய்வதாகச் சொல்லி வண்டியை உள்ளே எடுத்து, தண்டை அரைச் சுற்று திருப்பினேன். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து விரைவுச்சாலையில் போனேன். ஒற்றை விரலால் ஓட்டினேன்.

"உன் கைல பூனைக்குட்டி மாதிரி போகுது. என் கைக்கு வந்தாதான் கிறுக்குப் பிடிக்குது" என்றார். பிறகு, "என்னை இதுக்குப் புடிக்கல போல" என்று சிரித்தார்.

பட்டறைக்குத் திரும்பியதும் அவருக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்தேன். தேநீர் ஆறுவதற்குள் தண்டை அரைச் சுற்று வெளிப்பக்கம் திருப்பிவிட்டேன்.

அவர் சும்மா விடவில்லை. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். கோடையில் ஒருநாள், வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, முன்டயர்மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவினார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. வாழ்நாள் முழுக்க ரம்பத்துக்குப் பல் தீட்டிய கை அது.

"இப்படித் தடவினா வழுவழுன்னு இருக்கு. அப்படித் தடவினா அரம் மாதிரி அறுக்குது. எதையோ பக்கவாட்டுல தேய்ச்ச மாதிரி இருக்கேப்பா."

அது சரியான கண்டுபிடிப்பு. சக்கரம் பார்க்கும் திசையும் போகும் திசையும் வேறாக இருந்தால் ரப்பர் அப்படித்தான் தேயும். பட்டறைக்காரர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. எனக்கு அவரைப் பாராட்ட வேண்டும்போல் இருந்தது. மலைக்கல்லில் தேய்ந்திருக்கும் ஐயா என்றேன். முன்டயர்களைப் பின்னுக்கு மாற்றிக் கொடுத்தேன். அதற்குக் கூலி வாங்கவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. ஆனால் மறுபடியும் வந்தபோது கையில் ஊறுகாய்ப் பொட்டலம் இருந்தது. "உன்னை வீணா அலைக்கழிக்கிறேன்" என்று மன்னிப்புக் கேட்டார். மனுஷன் தன்னைவிட மற்றவரைத்தான் அதிகம் நம்புவார். அந்தக் குணம் அவருக்கு உதவவில்லை.

அவர் மகள் ரிட்சுகோ நகோயாவிலிருந்து தொலைபேசியில் கேட்டாள். அப்பா இப்போதெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது சாப்ஸ்டிக் குச்சிகளைப் பிடித்துக் கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். வண்டியில் ஏதாவது பழுதா என்றாள்.

"வண்டில ஒண்ணும் இல்லைங்க. அதுக்கு மேல நான் சொன்னா நல்லா இருக்காது" என்றேன்.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அதில்தான் அவர் மிகவும் பயந்துபோனார். ஏதாவது இருந்தால் மருந்து கொடுப்பார்கள் அல்லவா.

இலையுதிர்காலத்தில் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். இதே நிலையத்துக்கு நான்தான் அழைத்து வந்தேன். இனி செல்லாது என்று நீங்கள் ஓட்டை போட்டுத் திருப்பித் தந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நூல் கோத்துக் கழுத்துல மாட்டிக்கலாம் போலயே" என்றார். வண்டியை நானே வாங்கிக்கொண்டேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நல்ல விலைதான் கொடுத்தேன். அன்றே தண்டை அளவுக்கருவியில் வைத்துச் சரிசெய்தேன். இப்போது கையை விட்டால்கூடக் கோடு போட்ட மாதிரி ஓடுகிறது.

ஞாயிறுதோறும் அவரை அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். சொன்னபடி செய்தேன். நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் உட்காருவார், சன்னலில் கை அசையும். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, அறைக்குள் நுழைந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டீங்களா, எய்கிச்சி. குளிருதா?" என்றார். பிறகு அவரைப் பார்த்தார். "இவங்க யாரு, விருந்தாளியா?"

எய்கிச்சி என்பது கராசாவா ஐயாவின் பெயர். அவர் கதவோரத்தில் நின்றார். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவர்தான் சொன்னார்.

"பக்கத்து ஊர்க்காரன்மா. வண்டில இடம் இருந்துச்சு, சும்மா கூட வந்தேன்."

அந்த அம்மா அவருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். விருந்தாளிக்குக் கொடுக்கும் நல்ல கோப்பையில். திரும்பும் வழியில் அவர் சாலையைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இந்த வண்டிய எதாவது பண்ணுனியா?"

இல்லை ஐயா என்றேன். அடுத்த ஞாயிறு பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறும். இரண்டு நாளும் நான் தனியாகப் போனேன். ஒருவரை இரண்டு பேராகப் பார்த்தால் அந்த அம்மாவுக்குக் குழப்பமாக இருக்கும். அவருடைய நிம்மதியையும் யோசிக்க வேண்டும் அல்லவா.

மீதி உங்களுக்குத் தெரியும். கராசாவா ஐயா தோட்டத்துக் குட்டி லாரியைக் கேட்காமல் எடுத்தார். உரிமம் இல்லாதவர் விரைவுச்சாலையில் போனால் மாட்டிக்கொள்வார் என்று, காட்டிலாகா நாட்களில் பழகிய மலைப்பாதையில் போனார். இருக்கையில் கிடந்த பையில் இருந்தவை அவர் வீட்டுக் கூரையோரம் கட்டி உலர்த்திய பெர்சிமன் பழங்கள். அந்த அம்மாவுக்குப் பிடிக்கும். சட்டைப்பையில் ஓட்டை போட்ட உரிமம் இருந்ததாகச் சொன்னீர்கள்.

ஆகவே அறிக்கையைத் திருத்திக்கொள்ளுங்கள். வசந்தம் முதல் இலையுதிர்காலம்வரை, நான் வேண்டுமென்றே கோணலாக்கிய ஒரு வண்டியை, ஞாயிறுதோறும், விரைவுச்சாலையில், லாரிகளுக்கு நடுவே, அவற்றின் வேகத்திலேயே ஓட்டினார் அந்த மனிதர். ஒரு தடவைகூடக் கோட்டைத் தாண்டவில்லை. என்னால் அது முடியாது. முயன்று பார்த்திருக்கிறேன், பாதி வழியில் தோள் இற்றுவிட்டது. இந்த மாவட்டத்திலேயே அவ்வளவு உறுதியான கை வேறு கிடையாது. கைத் தடுமாற்றம் என்று எழுதியது அவருக்கு அவமானம். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள். மியாஷிதா என்பதை நானே எழுதித் தருகிறேன்.

மஞ்சள் வண்டியை நீங்கள் எடுத்து வைத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். ஆட்சேபணை இல்லை. ஞாயிறு மதியம் மட்டும் கொடுங்கள், வேண்டுமானால் உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும். வண்டி இல்லாமல் போய் நின்றால் சுமியேவுக்கு என்னை அடையாளம் தெரியாது. மற்றபடி, அவர் அந்தச் சன்னலில் காத்திருப்பது எனக்காகத்தான்.