விடுதிப் பக்கத்தில் ஒரு ஷூ

"நம்ம விடுதியில எப்ப மாப்ளே ஷூ விக்க ஆரம்பிச்சோம்?"

குரங்கணி போகும் ஜீப்பில் எனக்கு எதிரே இருந்த அம்மாள் கேட்டார். மடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பக்கத்தில் அவருடைய அண்ணன் மகன், செல்போனும் கையுமாக.

"விக்கல அத்தே. நம்ம வெப்சைட்டுல லிங்க்தான் குடுத்திருக்கேன். அதை அமுக்கி வாங்குனா நமக்குக் கமிஷன்."

"அந்த ஷூ காப்பித் தோட்டத்துலயே வாயப் பொளந்துருச்சு. நம்ம ரூமுல தங்குன மெட்ராஸ்காரரு மலையில வெறுங்காலோட பாறையில உக்காந்துக்கிட்டு, 'நீங்க சொல்லித்தானம்மா வாங்குனேன்'னு போன்ல கத்துறாரு. நான் எப்ப சொன்னேன்?"

"அது விளம்பரம் அத்தே. எல்லா விடுதிக்காரனுந்தான் போடுறான்."

"நம்ம பேரு போட்ட பக்கத்துல 'எங்கள் மலைக்கு ஏற்றது'ன்னு எழுதி வச்சிருக்கியே, அப்ப நான் சொன்னதாத்தான நெனப்பாக? இனி நம்ம ரூமு சுத்தம்னு சொன்னா எவன் நம்புவான்? நீ அதை ஒரு தடவ போட்டு நடந்து பாத்தியா?"

"படத்துல பாத்தேன்."

அம்மாள் குனிந்து அவன் காலில் இருந்த ஷூவைப் பார்த்தார்.

"இது எங்க வாங்குனது?"

"போடி பஜார்ல. நாலஞ்சு ஜோடி போட்டுப் பாத்து வாங்குனேன்."

"கழட்டு. மெட்ராஸ்காரரு இதப் போட்டுக்கிட்டு மலையெறங்கட்டும்."

ரப்பர் செருப்பு அவன் மடிக்கு மாறியது.