மூன்றாம் மாடியில் இறக்கிவிட்ட லிஃப்ட் அண்ணனுக்கு

மருத்துவமனையின் மையத்தில் அமர்ந்து மாடிதோறும் மனிதரைச் சேர்ப்பித்த மாண்பாளரே! கதவு சாத்தும் கணத்தில் ஓடிவரும் கடைசி ஆளுக்கும் கால் நீட்டிக் காத்த கருணையாளரே! ஸ்டூலைவிட்டு நகராமலே நாள்தோறும் நாற்பது முறை வானேறி மண்ணிறங்கிய வல்லவரே! எங்கள் லிஃப்ட் அண்ணனே, வணக்கம்!

முப்பத்தோராண்டுகள் தாங்கள் ஆற்றி இன்று ஓய்வுபெறும் அரும்பணியை அடுக்கிச் சொல்ல அரங்கமும் போதாது, அடுத்துப் பேசக் காத்திருப்போரின் பொறுமையும் போதாது. ஸ்ட்ரெச்சர் வரும்போது உள்ளே நின்ற தலைமை மருத்துவரையே, "சார், நீங்க நல்லாத்தானே இருக்கீங்க? படுத்திருக்கிறவங்க முதல்ல போகட்டும்" என்று இறக்கிவிட்ட நேர்மையைச் சொல்வோமா! அவரும் சிரித்தபடி படியேறிப் போனதைச் சொல்வோமா! சொன்ன மாடியில் இறக்குவது ஒன்றே சட்டம் என்று வாழ்ந்தீர்கள். ஒரே ஒருமுறைதான் அந்தச் சட்டத்தை மீறினீர்கள்.

அன்று லிஃப்டில் இருந்தவள், இம்மடலை எழுதும் இரண்டாம் மாடி அறுவைச் சிகிச்சை வார்டு நர்ஸாகிய நான். இனி 'தாங்கள்' என்று எழுத எனக்கு வராது, அண்ணா. நீங்கள் என்றே எழுதுகிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மகள் பிறந்த நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியவள், லிஃப்டுக்குக் காத்து நின்றேன். கால் வீங்கியது, நாளெல்லாம் நிற்பதால் என்றாள் ஒரு தோழி. இருமினேன், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் இன்னொருத்தி. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே உறங்கினேன். பால் கொடுக்கிறவளுக்குப் படுக்கை ஒரு கேடா என்று நானே சொல்லிச் சிரித்தேன். ஊரார் நோயையெல்லாம் முகம் பார்த்தே சொல்லும் நர்ஸ்கள் ஐவர் டீ குடிக்கக் கூடி, என் நோய்க்கு ஆறு சமாதானம் கண்டோம். ஸ்டெதஸ்கோப் டீ கிளாஸுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து என் நெஞ்சில் வைக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

உங்களுக்குத் தோன்றியது. அன்று காலை லிஃப்ட் இரண்டைத் தாண்டி மூன்றில் நின்றது.

"அண்ணா, இது மூணு!"

"தெரியும் சிஸ்டர். இறங்குங்க."

"விளையாடாதீங்க... எனக்கு டியூட்டிக்கு... நேரமாச்சு!"

"பாத்தீங்களா, ஒரு பேச்சை முழுசாப் பேச முடியல உங்களால. இதய டாக்டரைப் பாக்க இந்த மாடிக்கு வர்றவங்க எப்படி மூச்சு வாங்குவாங்கன்னு தினம் பாக்கிறேன். நீங்களும் அப்படித்தான் வாங்குறீங்க."

எனக்கு வந்ததே கோபம்! லிஃப்ட் ஓட்டுபவர் நர்ஸுக்கு வைத்தியம் சொல்வதா? வராந்தாப் போனை எடுத்து, லிஃப்ட்காரர் திமிராக நடந்துகொள்கிறார் என்று அலுவலகத்தில் புகார் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் சுவரோடு சரிந்தேன். நீங்கள் ஸ்டூலைக் கதவுக்குக் குறுக்கே போட்டு லிஃப்டை நிறுத்திவிட்டு, சக்கர நாற்காலியில் என்னை வைத்து ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினீர்கள்.

ஒவ்வொரு துடிப்பிலும் பாதிக்குமேல் இரத்தத்தை வெளியே தள்ள வேண்டிய என் இதயம், கால் பங்குதான் தள்ளியது. பிரசவத்தை ஒட்டிச் சில பெண்களுக்கு இதயத் தசையே தளர்ந்துபோகும் நோய் என்றார் இதய மருத்துவர். "நாளைக்கு வந்திருந்தா என்னால உறுதி சொல்லியிருக்க முடியாது" என்றும் சொன்னார். பதினோரு நாள் தீவிர சிகிச்சை, ஒன்றரை ஆண்டு மாத்திரை, இதயம் தேறியது. இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றார்கள். இருப்பவள் ஒருத்தியே பத்துப் பேருக்குச் சமமாக ஆட்டிவைக்கிறாள், அதுவும் சரிதான்.

பெருமையோடு சொல்கிறோம், அண்ணா! அன்றுமுதல் இந்தக் கட்டடத்தில் பிள்ளை பெற்றவள் மூச்சு வாங்கினால், தூக்கமில்லாததால் என்று எவரும் வாய் திறப்பதில்லை. நேரே மூன்றாம் மாடிதான். அப்படிப் பிழைத்த தாய்மார் நால்வர். அவர்களுக்கு உங்களைத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

நோயின்றி, நொடியின்றி, அண்ணியின் கைப்பிடித்து, பேரப்பிள்ளைகளின் தொல்லை தாங்காமல் நூறாண்டு வாழுங்கள்!

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இம்மடலுக்காகப் போன வாரம் உங்கள் பணிப் பதிவேட்டைப் புரட்டினேன். என் புகாரின் பேரில் உங்களுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். பாவி நான், இதுவரை அறியேன். நீங்களும் ஒரு சொல் சொன்னதில்லை. தவறான மாடியில் இறக்கியது ஏன் என்று கேட்ட அந்தத் தாளில், நான் நினைவின்றிக் கிடந்த மூன்றாம் நாள், விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் நீங்கள் எழுதியது இவ்வளவுதான்:

"இறக்கினது நான்தான். அந்த சிஸ்டர் பொழச்சுட்டாங்களா? கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

'விளக்கம் ஏற்கத்தக்கதல்ல' என்று கீழே முத்திரை குத்தியிருக்கிறது. கேட்டதற்குப் பதில் எழுதுவார் இல்லை. அனைத்து மாடி ஊழியர்களின் சார்பில், அலுவலகத்தின் அனுமதியோடு, அதே தாளில் இன்று காலை பதில் எழுதிக் கையொப்பமிட்டேன்:

"பொழச்சுட்டேன், அண்ணா."