உணவகத்தில் நான் தெரியாது என்று சொன்னவர்

நெமோதோ ஹிசாயோ, வயது 71, கணவர் பெயர் நெமோதோ குனிஹிகோ, கமிசுகா நகரம், ஆற்றங்கரைப் பேட்டை, நான்காம் குறுக்குத் தெருவில் வசிக்கும் நான், கமிசுகா காவல் நிலையப் போக்குவரத்துப் பிரிவு அதிகாரி முன்பு நானாகவே வந்து ஆஜராகி, முன்பு கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்திச் சொல்வதாவது:

என் கணவர் இந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களாக அவருக்கு மறதி நோய் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் மகளைத் தவிர வேறு யாரிடமும் இதை நான் சொல்லவில்லை. நான் போகும் பாட்டுக் குழுவில், அவர் நண்பர்களோடு மலையேறப் போகிறார், வீடு தங்குவதில்லை என்று சொல்லி வந்தேன். எங்கள் தெருவில் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் அவரிடம் படித்தவர்கள் இருப்பதால் அங்கே போவதை நிறுத்திவிட்டு, குன்றின் மேல் உள்ள பல்கலைக்கழக உணவகத்துக்கு அவரைக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். பொதுமக்களும் சாப்பிடலாம் என்று அங்கே வாசலில் எழுதியிருக்கிறது. மாணவர்கள் கிழவன் கிழவியை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதால் அந்த இடம் எனக்குத் தோதாக இருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது. பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேட்டு, "இவனுங்களுக்கு நாளைக்குப் பரீட்சைன்னு சொல்லிப் பாரு, மூச்சு விடமாட்டானுங்க" என்று சிரிப்பார்.

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் அங்கே போய் அவரை ஜன்னலோர மேசையில் உட்கார வைத்துவிட்டு, அவருக்குப் பொரித்த கோழிச் சோறும் எனக்கு உடோன் நூடுல்ஸும் வாங்க டோக்கன் எடுத்து வரிசையில் நின்றேன். அப்போது பாட்டுக் குழுவைச் சேர்ந்த மிசாவா என்பவர் எனக்குப் பின்னால் வந்து நின்று, "அட, நெமோதோ-சான்! நீங்களும் இங்கதானா? வீட்டுக்காரர் மறுபடி மலைக்குப் போயிட்டாரா?" என்று கேட்டார். அவர் என் கணவரை நேரில் பார்த்ததில்லை. நான், "அவருக்கென்ன, கால்ல சக்கரம்" என்று சொன்னேன். எனக்கு முதலில் உடோன் வந்தது. கோழிச் சோற்று டோக்கனை நான் கொடுக்காமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஜன்னல் பக்கம் ஒரு பெண் கத்தும் சத்தம் கேட்டுப் பார்த்தபோது, என் கணவர் பக்கத்து மேசை மாணவியின் தட்டிலிருந்து கோழித் துண்டுகளை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண், "ஐயோ, என்ன பண்றீங்க, அது என்னோடது!" என்றாள். கூட இருந்த பையன், "விடுடி, தாத்தாவுக்கு உன்மேல லவ்வு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் கைபேசியில் படம் எடுத்தான். என் கணவர் எழுந்து நின்று, "இது என் பொண்டாட்டி எனக்கு வாங்கிட்டு வந்தது. அதோ நிக்கறா, கேட்டுப் பாருங்க" என்று என்னைக் கைகாட்டினார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். பின்னால் குடிதண்ணீர் மெஷின் மட்டும்தான் இருந்தது.

மிசாவா, "பாவம், இப்படிப்பட்ட மனுஷனைத் தனியா விட்டுட்டு வீட்டு ஆளுங்க எங்க போய்த் தொலைஞ்சாங்களோ" என்றார். அதன் பிறகு உணவகத்தின் மேற்பார்வையாளர் என்னிடம் வந்து, "அம்மா, அவர் உங்களைத்தான் காட்டறார். உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார். நான், "இல்லீங்க, தெரியாது" என்றேன். இது என் கணவருக்குக் கேட்டது. அவர் கையை இறக்கிவிட்டு, என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கி, "மன்னிக்கணும்மா, வேற யாரோன்னு நினைச்சுட்டேன்" என்றார். நோயினால் அப்படிச் சொன்னாரா, இல்லையா என்று எனக்குத் தெரியாது.

மேற்பார்வையாளர் அவரைப் பக்குவமாகக் கூட்டிப் போய் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, காவலருக்குப் போன் செய்ய உள்ளே வந்தார். நான் மிசாவாவுடன் உட்கார்ந்து, இலையுதிர் கால நிகழ்ச்சியில் என்ன உடுத்துவது என்று பேசிக்கொண்டே உடோன் முழுவதையும் சாப்பிட்டேன். மிசாவா கிளம்பிப் போன பிறகு வெளியே ஓடினேன். பெஞ்சில் யாரும் இல்லை. அதன் பிறகு இறக்கத்தில் கூட்டம் நிற்பதைப் பார்த்துப் போனபோது, என் கணவர் சாலையில் விழுந்து கிடந்தார். பக்கத்தில் சைக்கிள் கிடந்தது. ஒரு மாணவன் தன் மேல்சட்டையைக் கழற்றி அவர் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் ஹோசகா தைச்சி என்றும், சைக்கிளில் வந்து மோதியவன் அவன்தான் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்று மாலை மருத்துவமனைக்கு வந்த காவலரிடம், நான் கழிவறைக்குப் போயிருந்தபோது என் கணவர் தானாக வெளியே போய்விட்டார் என்றும், அந்த மாணவன் கண்மண் தெரியாத வேகத்தில் வந்தான் என்றும் சொன்னேன். இரண்டும் பொய். நான் கழிவறைக்குப் போகவில்லை. அவன் வந்ததை நான் பார்க்கவே இல்லை. தகவல் கேட்டு ஊரிலிருந்து வந்திருந்த மகள் பக்கத்தில் நின்றதால் அப்படிச் சொன்னேன்.

என் கணவருக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை ஆனது. இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். நேற்று அந்த மாணவன் தன் தாயாருடன் பலகாரப் பெட்டி எடுத்துக்கொண்டு வந்து, மருத்துவமனை நடைகூடத்தில் மண்டியிட்டுத் தலை தரையில் படும்படி மன்னிப்புக் கேட்டான். "பிரேக் பிடிச்சேன் பாட்டி. அவர் யாரையோ தேடற மாதிரி உணவகத்தையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு ரோட்டுல இறங்கிட்டார்" என்று அழுதான். அவன் தாயார், "என் பிள்ளை சோறு இறங்காம கிடக்கறான், எங்களை மன்னிச்சிடுங்க" என்றார். என் மகள் அவனை, "படிக்கற பிள்ளைக்கு ரோட்டுல கண் வேண்டாமா?" என்று திட்டினாள். நான் பலகாரப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு மகளிடம் நடந்ததைச் சொன்னேன். இன்று காலை அவள்தான் என்னை நிலைய வாசல் வரை கொண்டுவந்து விட்டாள், உள்ளே வரவில்லை. அந்த மாணவன்மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. மிசாவாவையும் விசாரித்துக்கொள்ளலாம்.

அதிகாரி இதை எனக்கு வாசித்துக் காட்டினார். கணவரைத் 'தெரியாதது போல் இருந்துவிட்டேன்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை, நான் சொன்னபடி 'தெரியாது என்றேன்' என மாற்றச் சொன்னேன். மாற்றப்பட்டது. மற்றபடி நான் சொன்னதும் இதில் எழுதியிருப்பதும் ஒன்றே, அவ்வளவும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) நெமோதோ ஹிசாயோ