லாவெல் வீட்டுக் கடிதத்தாள்

என் இடது பக்கம் உட்காருங்கள், சார்ஜென்ட். வலது காது பத்து வருடமாகக் கேட்பதில்லை. தேநீர் வேண்டாம். நான் இங்கே அதிக நேரம் இருக்கப்போவதில்லை.

என் பெயர் மாலக்கி லாவெல். வயது எண்பத்து மூன்று. பாலிமோரனில் எங்கள் குடும்பத்தை அறியாதவர் இல்லை. என் தம்பி ஃபின்டன் இருபத்தெட்டு வருடம் இந்தத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினனாக இருந்தான். அதில் ஆறு வருடம் அமைச்சன். அவன் இறந்தும் ஆறு வருடமாகிறது. புதுப் பாலத்துக்கு அவன் பெயரை வைப்பதா வேண்டாமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருப்பது உங்களுக்கே தெரியும்.

அவன் கை நீட்டி வாங்கியவன்தான். நான் மறைக்கவில்லை. கட்டட முதலாளிகளோடு உட்கார்ந்து அவன் ஆட்டிறைச்சி தின்பதைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கும். விரலில் வழியும் கொழுப்பை நக்கிவிட்டு அதே கையால் கை குலுக்குவான். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஆனால் இந்த ஊர் எனக்கு அதைவிட அருவருப்பு. சனிக்கிழமைதோறும் மதுக்கடையின் பின்னறையில் அவன் குறை கேட்பான். தொப்பியைக் கையில் பிசைந்தபடி வரிசை வாசல்வரை நிற்கும். ஒருவனுக்கு இலவச மருத்துவ அட்டை, ஒருவனுக்கு வீடு கட்ட அனுமதி, ஒருத்தியின் மகனுக்கு வேலை. அன்று பல்லிளித்த அதே வாய்கள் இன்று துப்புகின்றன. செருப்புக்கடை டோனல் என் முகத்துக்கு நேரே சொன்னான்: "உங்க தம்பி எங்களுக்கு ரோடு போட்டுக் குடுத்தாருய்யா. இல்லேங்கல. அதுல நடந்து போய்த்தான் தெனமும் அவரைத் திட்டிட்டு வர்றேன்." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எடுத்த செருப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

குறை சொன்ன ஒவ்வொருவருக்கும் அடுத்த வாரம் கடிதம் போகும். அச்சிட்ட தாள், மேலே ஃபின்டனின் பெயர், உள்ளே ஒரே வாக்கியம்: 'தங்கள் விஷயம் கவனிக்கப்பட்டுவிட்டது.' பாதி விஷயங்கள் தாமாகவே நடந்துவிடும். நன்றி அவனுக்கு வரும். மீதி நடக்கவே நடக்காது. அந்த வாக்கியத்துக்குப் பொருள் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் கடிதத்தை அடுப்புக்கு மேலே மாடத்தில் சாமி படம் மாதிரி நிறுத்திவைப்பார்கள்.

அந்தக் கடிதங்களையெல்லாம் தட்டச்சு செய்தவள் டிம்ப்னா டூஹி. அந்த இருபத்தெட்டு வருடமும் அவள்தான். ஆற்றங்கரைக் குடிலில் அவளைக் குடிவைத்ததும் ஃபின்டன்தான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு கார்பன் பிரதியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வையுங்கள். உங்கள் அப்பாவைத் தபால் இலாகாவில் சேர்த்துவிட்டது யார் என்று நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பழைய தோல் பதனிடும் குழியின் மேல் நாற்பது வீடுகள் கட்டினார்களே, அந்த நிலத்துக் கிணற்று நீர் நஞ்சு என்று ஒரு பொறியாளர் முன்கூட்டியே எழுதியிருக்கிறார். ஃபின்டன் அவருக்கு அனுப்பிய பதிலின் பிரதி அது. 'அங்கே வரப்போகிறவர்கள் நமக்கு வாக்களிக்கிறவர்கள் அல்ல. குடிக்கட்டும்.' வாக்கியம் அவனுடையதுதான். அவன் நடை எனக்குத் தெரியும். அந்த வீடுகளிலிருந்து புறப்பட்ட குழந்தைகளின் சின்ன வெள்ளைச் சவப்பெட்டிகளில் இரண்டின் பின்னால் நானே நடந்திருக்கிறேன்.

"திங்கக்கெழமை நகர மன்றக் கூட்டத்துல இதை வாசிக்கப்போறேன், மாலக்கி," என்றாள். "இருபது வருஷமா எங்கிட்டயே கெடந்துச்சு. இதை அடிச்சது இந்த விரல்தானே. உங்ககிட்ட மொதல்ல சொல்லிடணும்னு தோணிச்சு."

விரல்களை விரித்துக் காட்டினாள். எங்கள் உப்பைத் தின்ற விரல்கள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தருகிறேன், நிதானமாகப் படிக்க வேண்டும் என்று பிரதியை வாங்கி வைத்துக்கொண்டேன். தயங்காமல் கொடுத்தாள்.

கிளம்பும்போதுதான் குளிரைப் பற்றிச் சொன்னாள். வசந்தத்தில் இந்தச் சின்னக் காக்கைகள் கூடு கட்டக் குச்சிகளைப் போட்டுப் புகைபோக்கியை அடைத்துவிடுகின்றனவே, அவள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு வாரமாக அடுப்பு மூட்டவில்லையாம். சுத்தம் செய்கிறவன் யாரையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டாள். நான் பார்க்கிறேன் என்றேன்.

சிரித்தாள். "'கவனிக்கப்பட்டுவிட்டது'ன்னு கடுதாசி மட்டும் அனுப்பிடாதீங்க. ஃபின்டன் எழுதினா நான் நம்பமாட்டேன். எத்தனை ஆயிரம் அடிச்சிருக்கேன். நீங்க எழுதினா நம்புவேன்."

புதன்கிழமைகளில் அவள் தங்கை வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம்தான் திரும்புவாள். எங்கள் ஊரில் சாவி கதவிலேயே இருக்கும். நான் பகலில் போனேன். குனிந்து புகைபோக்கிக்குள் பார்த்தேன். துளி வெளிச்சம் தெரியவில்லை. அடுப்படியில் செய்தித்தாளை விரித்து அதில் ஒரு கைப்பிடி கரித்தூளைத் தூவினேன். சுத்தம் செய்கிறவர்கள் அப்படி விட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை மாடத்தில் நிறுத்தினேன். 'புகைபோக்கி கவனிக்கப்பட்டுவிட்டது. இனி தயக்கமின்றி அடுப்பை மூட்டலாம்.' முதல் வாக்கியம் என் தம்பியுடையது. இரண்டாவது மட்டும் என்னுடையது.

ஃபின்டனின் தாளில் ஒரு கட்டு என்னிடம் மிச்சமிருந்தது. நல்ல தாளை வீணாக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கையெழுத்தும் எங்கள் வழக்கப்படி குடும்பப் பெயர் மட்டும்: லாவெல்.

சதுப்பில் வெட்டிக் காயவைத்த, அடுப்பெரிக்கும் மண்கட்டிகள் அவள் வீட்டில் குவிந்து கிடந்தன. மூட்டியிருப்பாள். கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருப்பாள். புகைபோக்கி அடைந்திருந்தால் தணலின் நச்சுக் காற்று அறைக்குள்ளேயே தங்கும்; அதற்கு வாசனை கிடையாது. தூக்கம்தான் வரும் என்கிறார்கள். வியாழக்கிழமை முழுவதும் என் ஜன்னலிலிருந்து அவள் கூரையைப் பார்த்தேன். புகையே வரவில்லை. அவள் வெளியே வரவும் இல்லை. பிரதியை என் அடுப்பில் போட்டேன். என் புகைபோக்கி வருடம் தவறாமல் சுத்தம் செய்யப்படுவது. வெள்ளிக்கிழமை தபால்காரர் அவளைக் கண்டார்.

சவ அடக்கத்துக்குப் போனேன். அவள் தங்கையின் கையைப் பிடித்து, உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன் என்றேன். அதை மனமாரத்தான் சொன்னேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் நேற்று டோனல் கடை வாசலில் நின்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறான்: "செத்தும் ஆளை ஏமாத்துறான்யா மனுசன். அவ மாடத்துல இருந்தது என்னைக்கோ எழுதின கடுதாசி. புகைபோக்கியைப் பாத்தாச்சுன்னு எழுதிட்டு ஆளே அனுப்பல. பாவி மவ அதை நம்பிச் செத்தா." மேலே ஃபின்டன் பெயர், கீழே லாவெல், தேதி இல்லை. ஊர் நம்பிவிட்டது. பாலத்துக்கு அவன் பெயரை முன்மொழிந்த உறுப்பினரே இன்று காலை தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்.

இப்போது பேனாவை எடுங்கள், சார்ஜென்ட். அந்தக் கடிதத்தை எழுதியது ஃபின்டன் அல்ல, நான். டிம்ப்னாவைக் கொன்றது நான். அவனுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று தெளிவாக எழுதி, ஒரு நகலை மன்றத்துக்கு அனுப்பிவையுங்கள். குற்றமற்ற ஒருவன்மேல் ஊர் பழி போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.