ஒன்பதாவது படிப்பவளின் அம்மாவுக்குப் பால்கட்டு

திருவான்மியூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அடையாறு வருவதற்குள் இளையவள் வெடித்தாள்.

“எம் பொண்ணு ஒம்பதாவது படிக்குதுக்கா. எனக்கு இப்பப் போய் பால் கட்டிக்கினுகீதாம்!”

“யாரு சொன்னது?”

“மாமியாதான். மல்லிப்பூவ மார்ல வெச்சுக் கட்டு, வத்திடும்னாங்க. கட்டினேன், வீக்கம் வத்தல. அப்புறம் டாக்டரு கீறி சீழ் எடுத்தாரு. ஆறும், திரும்ப அதே எடத்துல வீங்கும். ஒரு தபாகூட சதைய டெஸ்டுக்கு அனுப்பல.”

“இப்ப?”

“வேற டாக்டரம்மா அனுப்பினாங்க. பால் வர்ற குழாய்க்குள்ள மேல்தோல் மாதிரி வளர்ந்துகீதாம். அது உரிஞ்சு உரிஞ்சு அடைச்சுக்கினுதான் சீழ் வெக்குதாம். கேன்சர் இல்ல. ஆனா அந்தக் குழாயையே எடுக்கணுமாம்.”

“பழைய டாக்டர சும்மாவா வுட்ட?”

“ரிப்போர்ட்டோட போய் நின்னேன். எம் மூஞ்சியப் பாக்கல. எம் வூட்டுக்காரரப் பாத்து, ‘சின்ன விஷயம்தான் சார்’ன்றான். இவரு ‘தேங்க்ஸ் டாக்டர்’ன்றாரு. வலிக்கிற மாரு என்னுதுக்கா!”

“மெதுவா பேசுடி, பஸ்ஸே கேக்குது.”

“கேக்கட்டும். கேக்கவேண்டிய ரெண்டு பேருதான் கேக்கல.”