மேடையில் விரிக்காத ரப்பர் விரிப்பு

திருகோணமலைக் காற்றில் எந்த ஆணியும் இரண்டே மாதத்தில் துருப்பிடித்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் என் ஆம்பிளிபயரை மாதா மாதம் கழற்றித் துடைப்பேன். சீனன்குடாவில் எனக்கு மின்வேலை, பின்னேரங்களில் ஆர்மோனியம். பாக்கியரத்தினம் கவனமில்லாதவன் என்று இந்த ஊரில் ஒருவர் சொல்லட்டும் பார்ப்போம். நடந்ததை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு அவமானம்.

சீட்டுக் குலுக்கும் யோசனை என்னுடையதுதான். பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நிற்கிற இந்தக் காலத்திலும் வாசிகசாலைக்கு நிதி சேர்க்கக் கலைவிழா வைத்தோம். ஒவ்வொரு வருடமும், எனக்குப் போட்டியாக இசைக்குழு நடத்துகிற இரத்தினசிங்கத்தின் ஆட்களே கைதட்டலை அள்ளிக்கொண்டு போவார்கள். இந்தமுறை எல்லாக் கலைஞர்களின் பெயரையும் பிஸ்கட் தகரத்தில் போட்டுக் குலுக்கிப் புதுக் குழுக்கள் அமைப்போம் என்றேன். அந்த மனிசனின் கூட்டைக் கலைக்கத்தான். கலைந்தது என் கூட்டு. என் பாடகன் அபூதாஹிர் அவனிடம் போய்விட்டான்.

கிண்ணியாவிலிருந்து தோணியேறி வந்து எட்டு வருடம் என்னோடு பாடியவன். எந்தப் பாட்டு, எங்கே மூச்சு, எல்லாம் நான்தான் முடிவெடுப்பேன். அவர்களுடைய ஒத்திகையை வாசலில் நின்று கேட்டேன். நன்றாகப் பாடினான். அதுதான் பொறுக்கவில்லை.

வெளியே வந்தவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கோவிக்காதீங்க அண்ணன். இஞ்ச பாடேக்க மூச்சுவிட இடமிருக்கு. விழா முடிஞ்சாலும் நான் இவங்களோடயே நிக்கப்போறன்."

"ஓம் தம்பி, அதுக்கென்ன," என்றேன்.

எவ்வளவு துடைத்தாலும் என் மைக்கில் கறண்ட் கொஞ்சம் கசியும். செருப்போடு, ரப்பர் விரிப்பில் நின்றால் ஒன்றும் செய்யாது. ஆகவே நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. மேடையில் குத்துவிளக்கு வைப்பித்தேன். விளக்கு எரிகிற மேடையில் ஒருவரும் செருப்போடு ஏறமாட்டார்கள். அபூதாஹிருக்கு எங்கள் ஆட்களைவிட அதில் கவனம். மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற சாட்டில் பலகையை நன்றாக நனைத்தேன். ஆம்பிளிபயருக்குள் ஒரு வயரை இடம் மாற்றிப் பூட்டினேன். விரிப்பைச் சுருட்டி நான் இருக்கிற கதிரைக்குப் பின்னால் வைத்தேன்.

முதல் குழுவாக அவர்களைக் கூப்பிட்டார்கள். அவன் வெறுங்காலோடு வந்து கீழே பார்த்தான்.

"விரிப்பு எங்க அண்ணன்?"

"காயப் போட்டிருக்கு. நான் எல்லாம் சரி பாத்திட்டன். நீ போய்ப் பாடு."

சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான். பாவம், அவன் ஒருநாளும் என்னிடம் மறுகேள்வி கேட்டதில்லை.

மைக்கைப் பிடித்தவன் பிடித்தபடியே நின்றான். சபை அதை அபிநயம் என்று நினைத்துக் கைதட்டியது. இரத்தினசிங்கம் வாசித்துக்கொண்டே இருந்தான். ஆம்பிளிபயர் சுவிட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அபூதாஹிரின் கண் அவர்கள் ஒருவர் பக்கமும் போகவில்லை, ஐயா. என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு வருடச் சினேகிதன் என்னிடமே திரும்பி வந்துவிட்டான். அந்த நேரத்தில் நான் எப்படி அணைப்பது?