வழுக்குற நூலு

அய்யய்யோ, இறுக்காதீங்க டேரியோ சார்! ரீல்ல நூலு ஓட்டத்தை இறுக்குற அந்த டிராக் குமிழை விட்டுடுங்க. இறுக்கினா நிக்கும்னுதானே நினைக்கிறீங்க? நிக்காது. ரீல் கெடலை. சுத்தியிருக்கிற நூலு மொத்தமும் ஸ்பூல் மேல வழுக்குது. ஸ்பூல் சும்மா கிடக்கு, நூலு மட்டும் ஓடுது பாருங்க. யாரு சுத்தினதா? அதெல்லாம் கரைக்குப் போய்ப் பேசிக்கலாம் சார்.

கையா? ஆமா, நான்தான் ஓடுற நூலைக் கையில சுத்திப் புடிச்சேன். மீன் பாறைப் பொந்தைப் பாத்து ஓடவும் கை தானா போயிடுச்சு. இருபது வருஷமா கைநூலு போடுற அத்மான் சார் நான். எங்க ஊரு வட்டாமுல எல்லாரும் அப்படித்தான், பெரிய மீன் மாட்டினா உள்ளங்கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு நிப்போம். எங்களது தடி நூலு, கடிக்காது. உங்க பிரெய்டு, இந்தப் பின்னல் நூலு, தையல் நூலு கனம்தான் இருக்கு, சதைக்குள்ள இறங்குதே!

உருவ முடியாது சார். மீன் பொந்துல முட்டிக்கிட்டு நிக்குது, படகு இந்தப் பக்கம் ஒதுங்கிப் போகுது, நடுவுல என் மூணு விரல். எஞ்சின் ஓட்டத் தெரியாதுன்னு நீங்களே சொன்னீங்க. இடது கையால முன்னாடி நூலைத் தாங்கிக்கிட்டிருக்கேன், அதை விட்டா விரல் போச்சு. கருத்துடுச்சு, பாத்தீங்களா? வலியே தெரியலை இப்ப. அதான் பயமா இருக்கு.

கத்தி உங்க கால்கிட்ட, ஐஸ் பெட்டி மேல. எடுங்க. மீன் பக்கமா அறுங்க. ஏன் சார் நிக்கிறீங்க? தெரியும், ஆயுசுக்கு ஒரு தடவை மாட்டுற பாறை மீன். முப்பது கிலோ என்ன, நாப்பதே இருக்கும். இன்னும் ரெண்டு நிமிஷமா? எவ்வளவு சுத்தினாலும் ஒரு முழம் ஏறாது சார். எனக்கு எப்படித் தெரியும்னா...

நேத்து சாயங்காலம், ஸ்பூல் அடியில முதல்ல சுத்தச் சொல்லி ஒரு தங்கூசிச் சுருள், அந்த நைலான் நூலு, குடுத்தீங்கல்ல, அது இருந்தாத்தான் பிரெய்டு ஸ்பூலைக் கவ்வும்னு? நான் சுத்தலை. அவ்வளவு நல்ல தங்கூசியைத் தண்ணியே படாத எடத்துல புதைக்க மனசு வரலை. என் கைநூலுக்கு எடுத்து வச்சிருக்கேன். வெறும் ஸ்பூல்லதான் பிரெய்டைக் கட்டினேன். இந்த மீன் வராது சார். திட்டுறதைக் கரையில திட்டுங்க, இப்ப அறுங்க.